கருங்காலியும் கடைசலும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பேசுதற்கு இன்ன பொருள் என்று சங்கத்தார் எமக்கு விதிக்கவில்லை. ஆதலின், தச்சுப் பட்டறையோடு நெடுநாட் பழகியவர்கள் என்ற உரிமையால், ஒரு மரத்தைப் பற்றியே பேசத் துணிந்தோம். அம்மரத்தின் பெயர் கருங்காலி.

இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர் சிலரின் கழுத்திலும் மணிக்கட்டிலும் கரிய மணிமாலைகளைக் காண்கிறோம். கருங்காலி மாலை என்று கடைகளிலே விற்கப்படுவது. சில ஆண்டுகளாகத் தமிழகத்திலும் நம் நாட்டிலும் இது பெருவழக்காய் விட்டது. செவ்வாய் தோஷம் நீங்கும், காரியம் கைகூடும் என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். அந்தப் பலன்களைப் பற்றிப் பேச நாம் வரவில்லை. அதற்குரிய பெரியோர் இச்சபையிலே இருக்கின்றனர். நாம் கேட்பது ஒரு தச்சனுடைய கேள்வி. அந்த மணி எந்த மரத்தின் மணி?

கருங்காலி என்னும் ஒரு பெயரை இரண்டு மரங்கள் சுமந்து நிற்கின்றன. இலங்கையில் வாழும் நாம் கருங்காலி என்றவுடன் நினைப்பது வன்னிக் காட்டிலும் கீழ்மாகாணக் காட்டிலும் வளர்ந்த, வைரம் மை போலக் கறுத்த மரத்தை. தாவர நூலார் அதனை டயோஸ்பைரஸ் எபெனம் என்பர். நம் குளக்கரைகளில் நிற்கும் பனிச்சைக்கு அது நெருங்கிய உறவு. மற்றதோ முள்மரம், வேலுக்கும் உடைக்கும் இனமானது, புளியும் வாகையும் அடங்கிய அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழகத்தார் அதனையே கருங்காலி என்றும், செங்கருங்காலி என்றும் வழங்குவர். சிங்களத்திலே கிஹிரிய என்பது அதுவே. வடமொழியில் கதிரம். நம் உலர்வலயக் காடுகளில் இயற்கையாக வளர்வது. அதன் வைரம் கறுப்பன்று. செம்மை கலந்த கபில நிறம்.

இப்பொழுது நவக்கிரக ஓமத்தை நினைத்துப் பாருங்கள். சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்கு முருக்கு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, வியாழனுக்கு அரசு, வெள்ளிக்கு அத்தி, சனிக்கு வன்னி என்று சமித்துக்கள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் செவ்வாய்க்கு உரியதாக வடமொழி நூல்கள் கூறுவது கதிரம். அதாவது செந்நிற வைரமுள்ள முள்மரம். செவ்வாய் செந்நிறக் கோள் என்பதை நினைத்தால் பொருத்தமும் விளங்கும். வேத வேள்வியிலே நெய்யை முகந்து விடும் சுருவம் என்னும் சிறு கரண்டி இம்மரத்தாலே செய்யப்பட்டது. ஸ்பியம் என்னும் மரவாளும் இதனாலே ஆயது. யூபத்தம்பத்துக்குச் சொல்லப்பட்ட மரங்களுள்ளும் இது ஒன்று. ஆகவே கதிரத்தின் பெயரால் கறுத்த மணியை விற்பவன், ஒன்றில் அறியாமல் விற்கிறான்; அன்றேல் அறிந்தே விற்கிறான்.

பெயர்க் குழப்பம் நமக்கு மாத்திரம் உரியதன்று. மேனாட்டுத் தாவர நூலாருக்கும் உண்டு. அக்கேசியா என்னும் பெயர் எகிப்து நாட்டு முள்மரத்துக்குப் பழைய கிரேக்க வைத்தியர் வழங்கியது. அந்த எகிப்து மரமே நம் கருவேல். உலகிலுள்ள அதன் இனத்தவை எல்லாவற்றுக்கும் அப்பெயரையே பொதுப்பெயராக இட்டனர். பின்னர் இக்கூட்டம் ஒரே இனமன்று, பலவாகப் பிரிக்கத்தக்கது என்று கண்டனர். அவுஸ்திரேலியாவிலே அவ்வகை மரங்கள் ஆயிரத்துக்கு ஒட்டி இருப்பதால், பெயர் அங்குள்ளவற்றுக்கே உரியதாகுக என்று 2005ஆம் ஆண்டு வியன்னாவிற் கூடிய தாவரவியல் மாநாட்டிலே முடிவாயிற்று. 2011இல் மெல்போர்ணிற் கூடிய மாநாடும் அதனை மாற்றவில்லை. அதனால் பெயருக்கு உரியதாயிருந்த கருவேல் பெயரை இழந்து வச்செல்லியா ஆயிற்று. கருங்காலி செனகலியா ஆயிற்று. பெரும்பான்மையோர் வென்றனர் போலும்! தமிழிலே வேல் வேலாகவும் உடை உடையாகவுமே இருக்கின்றன.

இனி மரத்துக்கு வருவோம். செங்கருங்காலி நடுத்தர உயரமே உடையது. கிளைகளிலே கணுத்தோறும் கொக்கி போன்ற இரட்டை முள். குறுக்கே அறுத்துப் பார்த்தால் புறத்திலே வெளிறிய மரம் ஒரு வளையமாகவும், உள்ளே வைரம் செந்நிறமாகவும் தோன்றும். புதிதாக அறுத்த முகம் சற்று வெளிறியே இருக்கும். காற்றும் வெளிச்சமும் படப்பட ஆழ்ந்து சிவக்கும். தேக்கு ஒரு கன அடி ஏறத்தாழ 40 இறாத்தல் என்றால் இதன் வைரம் 60 இறாத்தலை ஒட்டி நிற்கும். நன்கு முற்றிய துண்டு நீரில் அமிழ்ந்துவிடும். கறையான் இதனைத் தீண்டுவதரிது. ஆதலால் மண்ணிலே நாட்டும் கட்டைகளுக்கு இது பேர்போனது. வைரத்தைச் சிறு சிறாய்களாக்கி நீரிலே காய்ச்சி வற்றவைத்தால் வருவது காசுக்கட்டி. வெற்றிலையோடு மெல்லுகிறோமே, அதுதான். பருத்தி வலைகளும் பாய்களும் இற்றுப்போகாதிருக்கக் கடலோடிகள் முன்னாளில் தோய்த்ததும் இந்தச் சாற்றிலேதான்.

இதன் உறவினரையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவோம். கருவேல் தமிழகத்து வண்டித் தச்சருக்கு உயிர்போன்ற மரம். சில்லின் குடமும் ஆரைக்காலும் வட்டையும், ஏரும், கோடரிக் காம்பும் அதனாலே செய்தனர். தேக்கைவிட மிகக் கடினமானது, அடிபட்டாலும் பிளவாதது என்பது காரணம். எகிப்தியர் அதனாலே கப்பலே கட்டினர். இரு முழ நீளத் துண்டுகளை வெட்டிச் செங்கல் அடுக்குவது போல அடுக்கி மரக்கலம் செய்தார்கள் என்று எரோதோத்தசு எழுதியதை நெடுங்காலம் பலர் ஐயுற்றனர். நைல் நதி முகத்திலே கடலுள் மூழ்கிய தோனிஸ்-எராக்கிலியன் என்னும் துறைமுகத்திற் கண்ட கப்பலொன்றை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட நூல், அவர் கூறியவாறே கட்டப்பட்டதைக் காட்டியது. மரமும் அந்த முள்மரமே. மன்னார்ப் பக்கத்தில் குடை விரித்தாற் போல நிற்கும் உடை, இந்தியாவின் தென்பகுதிக்கும் நம் தீவுக்குமே உரியது. அதன் நெற்றை ஆடு தின்னும். மரத்தை நாம் அடுப்பிலே வைக்கிறோம். உடையின் அடிமரத்திலே கடைசலுக்கு ஏற்ற வைரம் உண்டென்று சொன்னால் விறகு வெட்டுபவர் சிரிப்பார். அவர் சிரிக்கட்டும்.

இத்தகைய மரத்தைக் கடைவது எப்படி? இதைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் புத்தகத்திலே படித்து அறிய வாய்ப்புக் குறைவு.

முதலாவது, மரம் வெட்டிய அன்றே வேலை தொடங்குகிறது. வெட்டிய முகங்களை அப்படியே விட்டால் சோளகக் காற்று அவற்றை இரண்டொரு நாளிலே வெடிக்கச் செய்துவிடும். கடினமான மரம் உலர்வது மெல்ல. அதன் முகமோ விரைவில் உலரும். உள்ளே ஈரமும் வெளியே உலர்ச்சியும் ஆனால் மரம் பிளந்தே தீரும். ஆதலால் முகங்களுக்கு மெழுகு உருக்கிப் பூச வேண்டும்; மெழுகில்லையேல் பழைய வர்ணமும் போதும். பிறகு நடு நெஞ்சை விட்டு இரண்டாகவோ நான்காகவோ பிளக்க வேண்டும். நெஞ்சோடு கூடிய முழுக்கட்டையை வைத்துக் கொண்டு வெடிக்கவில்லையே என்று மகிழ்ந்தவர் அடுத்த ஆண்டு மகிழமாட்டார். பிளந்தவற்றைக் காற்று நேரே அடிக்காத கொட்டிலில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்க வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. இந்தக் கணக்கைக் குறுக்க முயன்று பணத்தை இழந்த பட்டறைகளைக் கண்டிருக்கிறோம்.

கருவேல் போன்றவற்றைச் சில மாதம் குளத்து நீரிலே ஊறப்போட்டு எடுப்பதும் பழைய வழக்கம். மூடவழக்கம் என்று படித்தவர் சிலர் நினைத்தனர். வெளிறிய மரத்திலே உள்ள மாப்பொருளை நாடியே உளுப்பூச்சி வருகிறது. நீரிலே ஊற அந்த மாப்பொருள் கரைந்து அழிகிறது. வழக்கத்துக்கு இதுவே காரணம். எவ்வாறாயினும் வெளிற்றைச் சீவி நீக்கிவிடுவது நன்று. வைரத்தைப் பூச்சி அணுகாது.

இரண்டாவது, இரும்பு. வேல் இனத்து மரங்களெல்லாம் துவர்ப்புச் சத்து நிறைந்தவை. ஈரமான துண்டின்மேல் ஒரு வாளையோ உளியையோ இரவு முழுவதும் வைத்துவிட்டால், காலையிலே நீலங்கலந்த கருங்கறை தென்படும். கைவிரல்களும் கறுக்கும். பழைய நாளில் எழுத்து மை செய்ததும் இவ்வாறே: துவர்ப்பும் இரும்பும் கூடினால் மை. கறை இலேசானதாயின் தேசிக்காய்ச் சாறு போக்கும். இந்தக் கறையை நினைவில் வைத்திருங்கள். மாலைக்கு வரும்போது மறுபடியும் சொல்வோம்.

மூன்றாவது, உளி. தேக்குக்கும் வேம்புக்கும் காலையிலே ஒருமுறை தீட்டிய உளி மாலைவரை போதும். இங்கே அரைமணிக்கு ஒருமுறை சாணையருகே போகத்தான் வேண்டும். மழுங்கிய உளியை வலிந்து அழுத்துபவர் மரத்தை எரிப்பார், புகை நாறும். நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சீவுளி ஒரு திசையிலே வழுவழுப்பாகச் சீவி, மறு விரலகலத்திலே பிய்த்துவிடும். அவ்விடங்களில் இழைப்பதை விட்டுச் சுரண்டும் தகட்டால் சுரண்ட வேண்டும். ஆணி அடிப்பதாயின் முன்னரே துளையிட வேண்டும். இல்லையேல் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். ஆனால் கடைசல் யந்திரத்திலே இம்மரம் வேறு குணம் காட்டும். நார்க் குழப்பம் அங்கே பெரிதாகத் தோன்றாது. கூரிய உளியிலிருந்து சுருள் சுருளாக வரும். சிறு மொளியும் வரியும் கூர்மை குன்றாமல் நிற்கும். ஈரமாயிருக்கையில் கடைவது எளிது. ஆதலால் கிண்ணம் போன்றவற்றை ஈரத்திலே தடிப்பாகக் கடைந்து, உலரவிட்டு, கோணியது கோணியபின் மறுபடி கடைவர். இறுதியிலே வர்ணமும் வேண்டாம், மினுக்கெண்ணெயும் வேண்டாம். சுழலும் மரத்தின்மேல் அதே மரத்தின் சுருளை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்திப் பிடியுங்கள். கல்லைப் போல மினுங்கும். மேலே தேன்மெழுகு ஒரு பூச்சு. அவ்வளவே. தூசி மூக்கையும் கண்ணையும் உறுத்தும்; மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்க.

மணி கடைவதிலே கடைசலைவிடத் துளையிடுவதே வித்தை. மணியின் அளவைவிடச் சிறிது பெரிதான சதுரச் சட்டங்களாக அறுத்து, துண்டு போட்டு, இரு பக்கமிருந்தும் துளையிட்டு நடுவிலே சந்திக்கச் செய்ய வேண்டும். ஒரே பக்கமிருந்து துளைத்தால் மறுபக்கம் சிதறும். துளையூசியை அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டாவிட்டால் சூடேறி மணி வெடிக்கும். 108 மணிக்கு 150 துண்டாவது எடுத்து வைப்பது புத்தி. ஒருவர் கையாலே இப்படிச் செய்வதற்கு நாட்கள் செல்லும். கடையிலே சில நூறு ரூபாய்க்கு ஒரு மாலை தொங்கினால், அதனை யார், எதனால், எத்தனை நேரத்திலே செய்தார் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

இப்பொழுது அக்கறைக்கு வருவோம். கறுத்த மணி மூவகையில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, மெய்யாகவே நம் கறுத்த கருங்காலி. நெடுங்காலம் வெட்டி ஏற்றுமதியாகி மிகவும் அருகிப்போன மரம் அது. அதன் வைரம் மலிவாகக் கிடைக்க வழியில்லை. இரண்டு, ஏதோவொரு மரத்தைக் கறுப்புச் சாயத்திலே தோய்த்தது. மூன்று, துவர்ப்புள்ள மரத்தை, துரு ஊறிய புளித்த நீரிலே தோய்த்துக் கறுக்க வைத்தது. இந்த மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. தண்ணீரில் போட்டால் நிறம் வருகிறதே, ஆகவே மெய் என்பார்கள். கருங்காலிச் சாறும் வரும், சாயமும் வரும். இஃது ஒரு சோதனையன்று. அமிழ்வதும் சோதனையன்று, அமிழும் மரங்கள் வேறும் உள. ஒரு மணியைத் தியாகம் செய்து குறுக்கே அறுத்துப் பாருங்கள். தோலளவே கறுப்பு, உள்ளே வெளிறு என்றால் விஷயம் முடிந்தது. உள்ளே சிவந்திருந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியிலே துவாரங்களும் அவற்றிற் சிலவற்றிலே வெண்பொடியும் தெரிந்தால் அது கதிரமாகலாம். உள்ளும் புறமும் ஒரே கறுப்பாய், துவாரம் கண்ணுக்கு எட்டாத நுண்மையாய் இருந்தால் எபெனம். எங்கள் முன்னே உள்ள இம்மேசைமேல் இரண்டின் துண்டுகளும் வைத்திருக்கிறோம். கண்ணாடியும் உண்டு.

சாயமணி அணிந்தவர் பாவம் செய்தவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மரபு, மரபு என்று சொல்லிக்கொண்டு, அந்த மரபைச் செய்கின்ற கையை மட்டும் நாம் வேண்டாமென்று தள்ளுகிறோம். தச்சர் வீட்டுப் பிள்ளை உளி பிடிப்பான், நம் பிள்ளை பேனா பிடிப்பான் என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே உண்டு. பெரியோர்களே, கோபிக்க வேண்டாம். ஆயுதபூசையன்று உளிக்கும் அரத்துக்கும் சந்தனம் பூசுகிறோம்; மறுநாள் அவற்றை எடுத்து வேலை செய்பவன் யார் என்று பார்க்கிறோம். தச்சரின் பிள்ளையும் இப்பொழுது வேறு தொழிலுக்குப் போகிறான். அவனைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? கொழும்பிலே பிறந்த நம்மவரான ஆனந்தக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் நூலிலே, கண்டி நாட்டுக் கடைசற்காரரையும் அவர்தம் அரக்கு வேலையையும் எழுதிவைத்தார். தத்துவமும் சிற்பமும் பேசிய அறிஞர், பட்டறையிலே போய் உட்கார்ந்து கருவிகளின் பெயரைக் கேட்டு எழுதினார். யாழ்ப்பாணத்துக் கடைசற்காரரைப் பற்றி அப்படி எழுதுவார் இன்றும் வேண்டும். நம் சங்கத்து இளைஞர் இருவர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு புறப்பட்டாலே போதும்.

மரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். காட்டு மரத்தை அனுமதியின்றி வெட்டுதல் குற்றம். அதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். மரக்காலைகளிலே செங்கருங்காலி வருவது அருமை. ஆனால் பழகுவதற்கு வேறொரு மரம் உண்டு. சீமைக்கருவேல் என்னும் முட்புதரை அறிவீர்கள். வேல் என்று பெயர் பெற்றாலும் அது அமெரிக்க நாட்டுச் சரக்கு, வேலின் இனமன்று. அம்பாந்தோட்டைப் பக்கத்திலே நல்லெண்ணத்தோடு நட்டார்கள்; இன்று புந்தல தேசியப் பூங்காவிலே பெருந்தொல்லையாகப் பரவியிருக்கிறது. மன்னார்க் கரையிலும் உண்டு. அதன் அடிமரமோ செம்பழுப்பான வைரம். சுருங்குவதும் வெடிப்பதும் குறைவு. கடைசலுக்கு மிக நல்லது. முள் தைத்தால் கடுக்கும், கவனம். அதனை வெட்டினால் திட்டுவாரும் இல்லை. உளிப்பிடி, கொட்டாப்புளி, மத்து, பம்பரம் எல்லாம் அதிலே செய்து கை பழகலாம்.

செங்கருங்காலி வேண்டுமாயின் நட வேண்டும். விதையை வெந்நீரிலே இட்டு ஒருநாள் ஊறவைத்து விதைத்தால் முளைக்கும். முதல் இரண்டு ஆண்டு ஆட்டுக்குத் தப்ப வேண்டும். பின் வறட்சியைத் தாங்கும். வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். வைரம் கொள்ள நெடுங்காலம் செல்லும் என்பதை மறைக்கவில்லை. கோயில் வீதியிலே இடமுண்டென்று தருமகர்த்தா ஒருவர் சொல்லியிருக்கிறார். பத்துக் கன்று நட்டு, ஓமத்துக்குச் சுள்ளியும் பின்னாளில் சுருவத்துக்கு ஒரு கிளையும் பெறுவது அவரது எண்ணம். நீர் ஊற்றுவதற்குத்தான் ஆள் வேண்டுமாம். பெயர் தர விரும்புவோர் செயலாளரிடம் தரலாம்.

மண்டபத்தின் பின்புறத்திலே சிறு கடைசல் யந்திரம் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறோம். சீமைக்கருவேல் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய உள்ளன. உளிகள் நான்கு, நேற்றிரவுதான் தீட்டியவை. பிரசாதம் வழங்கி முடிந்தபின் வாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருக; மாலை அணிந்தவர் கழற்றிச் சட்டைப்பையிலே வைத்துவிட்டு வருக, யந்திரத்திலே சிக்கும்.